நெல்லைக்குக் குடிவரலாமா என்று கேட்டவருக்கு

சென்னையில் பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டீர்கள். இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை, பள்ளி வயதில் இரண்டு பிள்ளைகள், கூடவே வயதான அம்மா. திருநெல்வேலி சின்ன ஊர், ஆனால் வளர்கிற ஊர், அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும், செலவு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: சித்திரையில் வந்தபோது நாலுவழிச் சாலைப் பக்கம் ஐந்து சென்ட் மனை ஒன்று பிடித்துப்போயிற்று, அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று. எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. இந்த ஊரில் ஒரு குடும்பத்தின் அன்றாடம் எப்படிப் போகும் என்பதைப் பாதிக்கு மேல் முடிவு செய்வது வீடு இருக்கும் இடம். மனை அளவை, கட்டட வரைபடம், நில ஆவணம் ஆகியவை என் தொழில். அந்த மூன்றையும் பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். பள்ளி, ஆஸ்பத்திரி பற்றி ஊரில் இருப்பவன் என்ற அளவில்தான் சொல்கிறேன்.

முதலில், இது ஒரே ஊராக வளர்ந்ததில்லை. 1994-ல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் மூன்று நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை நாலே முக்கால் லட்சத்தை ஒட்டி இருந்தது. இன்றைக்கும் ஆட்கள் 'திருநெல்வேலிக்குப் போறேன்' என்று சொல்வதில்லை. டவுனுக்கு, ஜங்ஷனுக்கு, பாளைக்கு, மேலப்பாளையத்துக்கு என்றுதான் பேச்சு. டவுன் என்றால் நெல்லையப்பர் கோயிலும் ரத வீதிகளும் ஜவுளி, நகைக் கடைகளும். பாளை என்றால் பள்ளி, கல்லூரி, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, தியாகராஜ நகர், மகாராஜ நகர் எல்லாம் உத்தியோகம் பார்ப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் வீடு கட்டி நிறைந்த பகுதிகள். கே.டி.சி. நகர், வி.எம். சத்திரம், ரெட்டியார்பட்டி பக்கம் இப்போது வீடுகள் பரவிக்கொண்டிருக்கும் விளிம்பு. நீங்கள் மனை பார்த்தது இந்த விளிம்பில்தான் இருக்கவேண்டும்.

தூரம் எல்லாம் கையடக்கம். டவுனிலிருந்து பாளை வரை பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் நடுவில் தாமிரபரணி ஓடுகிறது, ரயில் பாதைகள் குறுக்கே கிடக்கின்றன. ஜங்ஷனுக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் இடையில் பாரம் தாங்குவது 1843-ல் சுலோச்சன முதலியார் தன் கைப்பணத்தில் கட்டிக்கொடுத்த பாலமும் அதன் பக்கத்திலேயே பின்னால் வந்த பாலமும். டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் இடையில் தண்டவாளத்தைத் தாண்ட 1973-ல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம். மேலப்பாளையம், அம்பாசமுத்திரம் சாலைப் பக்கம் வீடு என்றால் குலவணிகர்புரம் ரயில்வே கேட் உங்கள் நேரத்தைப் பங்கு கேட்கும். நாகர்கோவில் பாதையில் வண்டி போகும்போதெல்லாம் கேட் விழும், திறந்த பிறகு இரண்டு பக்கத்து வண்டிகளும் முகத்தோடு முகம் முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே வீடு தேடும்போது கிலோமீட்டரை எண்ணாதீர்கள். பிள்ளைகளின் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆறு இருக்கிறதா, கேட் இருக்கிறதா என்று எண்ணுங்கள். பாளையில் காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரையும் மாலை நாலை ஒட்டியும் பள்ளி வண்டிகளும் ஆட்டோக்களும் ஒரே நேரத்தில் சாலைக்கு வரும். ஆற்றுக்கு ஒரே பக்கத்தில் பள்ளியும் வீடும் அமைந்தால், சென்னையில் கிடைக்காத ஒரு மணி நேரம் தினமும் மிச்சம். அமையாவிட்டால் ஆறு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் ஆகும். சின்ன ஊருக்கு வந்த லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

இனி தண்ணீர். இங்கே கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். இந்த ஊர் வயலுக்கும் குளத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய் ஆற்றின் இடது பக்கம் பிரிந்து டவுன் வழியாக வந்து நயினார்குளத்தை நிரப்புகிறது. வலது பக்கம் பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளை வழியாகப் போகிறது. கார் சாகுபடிக்கு ஆனி வாக்கில் ஒரு முறை, பிசானத்துக்கு ஐப்பசியை ஒட்டி ஒரு முறை இவற்றில் தண்ணீர் விடுவார்கள். பங்குனி, சித்திரையில் கால்வாய் அடைத்துக் கிடக்கும், குளம் வெடித்துக் கிடக்கும், வயல் மேடு போலத் தெரியும். நீங்கள் மனை பார்த்தது சித்திரையில். அந்த மாதத்தில் நெல்லையைச் சுற்றி எல்லா மனையும் நல்ல மனைதான்.

வெள்ளம் இங்கே இரண்டு விதம். ஒன்று ஆற்று வெள்ளம். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளிலிருந்து திறந்துவிடும் தண்ணீரோடு கடனாநதியும் பச்சையாறும் ஊருக்கு மேலேயே வந்து சேர்ந்துவிடுகின்றன. சிற்றாறு மட்டும் ஊரைத் தாண்டிச் சீவலப்பேரியில்தான் கலக்கிறது. அது பெருகினால் கீழே உள்ள ஊர்களுக்குத்தான் கவலை. 1992 நவம்பரிலும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிலும் ஆறு கரை மீறியது. இரண்டாவது தடவை ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், கொக்கிரகுளம் பகுதிகளில் தண்ணீர் ஏறி, கலெக்டர் ஆபீஸ் வளாகமே மிதந்தது. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் எவ்வளவு மூடியிருக்கிறது என்று பார்த்து வெள்ளத்தை அளக்கும் பழக்கம் ஊரில் உண்டு. கோயில் மூழ்குவது பழகிப்போன காட்சி, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1992, 2023 இரண்டிலும் தண்ணீர் வந்த தெருவா என்று மட்டும் கேளுங்கள். இரண்டு முறையும் வந்திருந்தால் அது ஆற்றின் இடம்.

இரண்டாவது, குளத்து வெள்ளம். பெரிய மழை கூட வேண்டாம், இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும். குளம் நிறைந்ததும் உபரித் தண்ணீர் மறுகால் வழியாக வெளியேறி அடுத்த குளத்துக்குப் போகவேண்டும். அந்த மறுகால் பாதையில் மனை போட்டு, ரோடு போட்டு, சின்னக் குழாய் ஒன்றைப் பதித்து மூடியிருப்பார்கள். புது பஸ் ஸ்டாண்டு இருக்கும் இடத்தின் பெயரே வேய்ந்தான்குளம், மழைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நின்றால் யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்காவது தண்டோரா, எச்சரிக்கை எல்லாம் வரும். குளத்துக்குக் கீழே இருப்பவர்கள் காலையில் எழுந்து காலைக் கீழே வைக்கும்போதுதான் தெரிந்துகொள்வார்கள்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மனையின் சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு அரசின் இணையச் சேவையில் பட்டா, 'அ' பதிவேடு (நிலம் என்ன வகை என்று எழுதிய வருவாய்த்துறைப் பதிவேடு), புலப்படம் (அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுங்கள். 'அ' பதிவேட்டில் நன்செய் என்று இருந்தால் அது வயல், அதாவது தண்ணீர் தானாக வந்து நிற்கும்படி அமைந்த மட்டம். புன்செய் என்றால் பெரும்பாலும் மேடு. உங்கள் எண்ணோடு நின்றுவிடாமல் சுற்றியுள்ள நாலைந்து சர்வே எண்களையும் பாருங்கள். அவற்றில் ஏதாவது குளம், வாய்க்கால், ஓடை புறம்போக்கு என்று இருந்தால் கிராம வரைபடத்தில் அது எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்து போங்கள். வரைபடத்தில் இருக்கும் வாய்க்கால் தரையில் காணாமல் போயிருந்தால், மழைக்காலத்தில் அது திரும்பி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நேரில் போய் அக்கம்பக்கத்து வீடுகளின் காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து ஒரே மட்டத்தில் பாசியோ, பெயின்ட் உரிந்த கோடோ நீளமாக ஓடினால் அதுதான் தண்ணீர் நின்ற அளவு. புரோக்கரிடம் கேட்பதில் பயனில்லை. தெருமுனைப் பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் 'கார்த்திகையில இங்க வண்டி போகுமா?' என்று கேளுங்கள்.

நன்செய் மனை என்பதாலேயே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், செலவைக் கூட்டிப் பார்த்து வாங்குங்கள். ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. சாலை மட்டத்துக்குக் கொண்டுவர மூன்றடி உயர்த்தவேண்டும் என்றால் 6,534 கன அடி, அதாவது 65 யூனிட் மண். இறுகிக் குறைவதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 80 யூனிட்; மூன்று யூனிட் லாரியில் 26, 27 லோடு. இதில் பலரும் செய்யும் தப்பு, மொத்த மண்ணையும் ஒரே நாளில் கொட்டிப் பரப்பிவிட்டு மறுமாதம் அஸ்திவாரம் தோண்டுவது. முக்காலடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டவேண்டும். எப்படிப் போட்டாலும் அஸ்திவாரம் கொட்டிய மண்ணில் நிற்கக்கூடாது, அடியில் உள்ள இயற்கை மண்ணைத் தொட்டு அதற்குள்ளும் இறங்கவேண்டும். இல்லையென்றால் இரண்டாவது மழைக்காலத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் வரும், தரை டைல்ஸ் தட்டினால் டொக்கென்று சத்தம் கேட்கும். தரைமட்டத்தைச் சாலையைவிட குறைந்தது இரண்டரை அடி மேலே வையுங்கள். சாலையே ஒவ்வொரு முறை போடும்போதும் அரையடி ஏறும் என்பதை மறக்கவேண்டாம்.

ஆவணத்தில் மூன்று விஷயம். மனைப்பிரிவுக்கு உள்ளூர் திட்டக் குழுமத்தின் ஒப்புதல் எண் இருக்கிறதா, அல்லது 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய பிரிவு என்று வரன்முறை செய்யப்பட்டதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். புது மனைப்பிரிவு என்றால் ரேரா, அதாவது மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கேளுங்கள். வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்கு எடுங்கள். பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 'ரிங் ரோடு வருது, ஐ.டி. பார்க் வருது, அஞ்சு வருஷத்துல ரெட்டிப்பு' என்று சொல்வார்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் பெரிய சூரிய மின்தகட்டு ஆலை வந்திருப்பது உண்மை. ஆனால் அதனால் பாளைக்குத் தெற்கே உள்ள மனை விலை எவ்வளவு ஏறும் என்பது யாருக்கும் தெரியாத கணக்கு, அதை வைத்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

ஆற்றங்கரை ஊர் என்பதால் குடிதண்ணீர் கவலை இல்லை என்று நினைத்திருப்பீர்கள். ஆற்றில் உறைகிணறு போட்டு எடுக்கும் தண்ணீர் சுவையில் குறை சொல்ல முடியாதது. இணைப்பு உள்ள பழைய பகுதிகளில் வீட்டுக்கு வரும். விளிம்பில் உள்ள புதுத் தெருக்களில் குழாய் பதித்திருப்பது ஒன்று, தண்ணீர் வருவது வேறொன்று. பக்கத்து வீட்டில் எத்தனை நாளுக்கு ஒரு முறை, எவ்வளவு நேரம் என்று கேட்டுவிட்டுத் தரைத்தொட்டியின் அளவை முடிவு செய்யுங்கள். ஐந்து பேருக்குத் தலைக்கு 135 லிட்டர் என்றால் நாளைக்கு 675. மூன்று நாளுக்கு ஒருமுறை வந்தால்கூட 2,000 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். போர் தண்ணீரைப் பொறுத்தவரை ஆற்றுக்கும் கால்வாய்க்கும் பக்கம் மேலேயே கிடைக்கும், பாளைக்குத் தெற்கே பாறை. பாறை நிலத்தில் அடுத்தடுத்த மனையிலேயே ஒன்றில் தண்ணீர், மற்றதில் புழுதி என்று வரும். எந்த நீரோட்டம் பார்ப்பவரும் இதற்கு உத்தரவாதம் தரமுடியாது. கிடைத்த தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்கலாம், வேறு வழியில்லாதபோது 2,000 வரை என்பது இந்தியத் தர வரம்பு. பாதாளச் சாக்கடை இன்னும் எல்லாத் தெருவுக்கும் வரவில்லை; இணைப்பு இல்லாத இடத்தில் கழிவுநீர்த் தொட்டி கட்டும்போது பாறை நிலத்தில் உறிஞ்சுகுழி வேலை செய்யாது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆறடி ஆழத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றினால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

வாடகைக்கு வருவதென்றால் இங்கே ஒத்தி முறையும் உண்டு. சில லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருப்பது, காலம் முடிந்ததும் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. வாடகையோடு கூட்டிப் பார்த்தால் லாபமாகத்தான் தெரியும். சிக்கல் பணம் திரும்பி வருவதில். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, உரிமையாளர் கட்டத் தவறினால், வெறும் முத்திரைத்தாளில் எழுதிய ஒத்திக்கு வலுவில்லை. வில்லங்கம் பார்த்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த ஒத்தி என்றால் மட்டும் இறங்குங்கள். சாதாரண வாடகைக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பேரம்தான்.

வீடு கேட்டுப் போகும்போது இன்னொன்றையும் எதிர்பார்க்கவேண்டும். 'எந்த ஊரு?' என்று ஆரம்பித்து 'நீங்க என்ன ஆளுக?' என்பதில் வந்து நிற்கும். எல்லா வீட்டிலும் இல்லை, ஆனால் பல வீட்டில். சென்னையிலும் இது உண்டு, அங்கே சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இங்கே இந்தச் சாதி நிழல் பள்ளிக்கூடத்துக்குள்ளும் விழுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வெட்டிய பிறகுதான், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல நீதிபதி சந்துருவின் ஒருநபர்க் குழுவை அரசு அமைத்தது. பள்ளியில் சேர்க்கும்போது சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதை அங்கே எப்படிக் கையாளுகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் நேரடியாகக் கேட்கலாம். பதில் சொல்லும் விதத்திலேயே பள்ளியைப் பற்றித் தெரிந்துவிடும். மற்றபடி படிப்புக்குப் பாளையில் பஞ்சமில்லை. தூய சவேரியார் கல்லூரி 1923-லிருந்து இருக்கிறது, அதற்கு முந்திய மிஷன் பள்ளிகளும் உண்டு.

அம்மாவுக்காகக் கேட்டதற்கு: ஹைகிரவுண்டில் 1965-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி, வண்ணாரப்பேட்டையிலும் பாளையிலும் தனியார் ஆஸ்பத்திரிகள், கண்ணுக்கு அரவிந்த் எனச் சர்க்கரை, இதயம், எலும்பு, கண்புரை வரை ஊரிலேயே முடியும். அரிய நோய், சிக்கலான புற்றுநோய் சிகிச்சைக்கு இங்கிருந்து மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் போகிறவர்கள் நிறைய. இரண்டும் ஏறக்குறைய 150, 160 கிலோமீட்டர். அவசரத்தில் அந்த மூன்று மணி நேரம் பெரிது. அம்மாவுக்கு ஏற்கெனவே சென்னையில் தொடர் சிகிச்சை இருந்தால் அந்த மருத்துவரிடமே, இங்கே யாரிடம் ஒப்படைக்கலாம் என்று முதலில் கேளுங்கள். இதில் என் அபிப்பிராயத்துக்கு மேல் அவருடைய சொல்.

வேலைக்கு இணையம் ஊருக்குள் நன்றாகவே கிடைக்கும். மின்சாரத்தில்தான் ஒரு பழக்கம்: துணை மின்நிலையப் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து மதியம் இரண்டு மணி வரை மின்சாரம் இருக்காது, முந்தின நாள் பத்திரிகையில் போடுவார்கள். இரண்டு லேப்டாப் 120 வாட், ரூட்டர் 15, இரண்டு சாதா மின்விசிறி 150, ஒரு விளக்கு 10 என்றால் மொத்தம் 300 வாட்டை ஒட்டி வரும். 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றிலிருந்து பயமில்லாமல் எடுக்கக்கூடியது ஏறக்குறைய 1,000 வாட்-மணி, மூன்றரை மணி நேரத்துக்குமேல் ஓடாது. குறைந்த வாட் பி.எல்.டி.சி. மின்விசிறிக்கு மாறினால் ஐந்து மணி நேரத்துக்கு இழுக்கலாம். கடைக்காரர் இரண்டாவது பேட்டரி விற்கப் பார்ப்பார். முதலில் விசிறியை மாற்றுங்கள்.

வெயில் சென்னையைவிட வறண்டது. வைகாசி வரை கொதிக்கும், ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது இங்கே மழை இல்லாத மேல்காற்று மட்டும் புழுதியோடு வீசும். தென்மேற்கு ஜன்னலுக்குக் கொசுவலையும் நல்ல கொக்கியும் கட்டாயம். அந்தக் காற்று மாதங்களில் ராமையன்பட்டிக் குப்பைக்கிடங்கில் தீப்பிடிப்பதும் உண்டு. சங்கரன்கோவில் சாலைப் பக்கம் வீடு பார்த்தால் புகை எந்தத் திசையில் போகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

செலவு குறையுமா என்றால், வாடகையும் காய்கறியும் போக்குவரத்தும் குறையும். பள்ளிக் கட்டணமும் மருத்துவமும் நினைத்த அளவு குறையாது. மாதம் ஒரு முறை சென்னை அலுவலகம் போகவேண்டியிருந்தால் அந்தப் பயணம் தனிக் கணக்கு: இரவில் நெல்லை எக்ஸ்பிரஸ், 2023 செப்டம்பரிலிருந்து பகலில் எட்டு மணி நேரத்தில் போகும் வந்தே பாரத், விமானம் என்றால் முப்பது கிலோமீட்டர் தள்ளி வாகைக்குளம். நெல்லை எக்ஸ்பிரஸில் பண்டிகை நாள் படுக்கை முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். சென்னையில் இருக்கும்வரை அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவர். இங்கே வந்துவிட்டால் எதிர்த்திசையில் போவீர்கள், இடம் கிடைக்கும்.

ஆகவே அட்வான்ஸ் இப்போது கொடுக்கவேண்டாம். பள்ளிக்கு ஆற்றின் ஒரே பக்கமாகப் பார்த்துப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு வாருங்கள். அந்த ஐந்து சென்ட் மனைக்கு ஐப்பசியில் ஒரு முறை, கார்த்திகையில் இரண்டு நாள் மழை விட்ட மறுநாள் காலையில் ஒரு முறை, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால் வாங்கட்டும். சர்வே எண்ணை அனுப்பினால் 'அ' பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.